தோராவும் பொறியியலும்: சண்டை நேரத்தைப் பற்றித்தான்

கேள்வி இது: "காலை முதல் இரவு வரை தோரா படிப்பதே கடமை என்று இருக்கும் யூத மாணவர்கள், பொறியியல், கணினி மாதிரியான படிப்புகளையும் எப்படிச் சேர்த்துப் படிக்கிறார்கள்? மதமும் அறிவியலும் முட்டிக்கொள்ளாதா?"

தோரா என்றால் யூதர்களின் வேதமும் அதையொட்டிய மதநூல்களும். கேள்வியின் பின்பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நாம் நினைக்கிற அளவுக்கு முட்டிக்கொள்வதில்லை. பரிணாமம், பிரபஞ்சத்தின் வயது போன்ற இடங்களில் உரசல் உண்டுதான். ஆனால் மின்சுற்றும் லேசரும் அல்காரிதமும் படிக்கிற பையனுக்கு அது குறுக்கே வருவதே இல்லை. உண்மையான தகராறு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நாளின் மணி நேரங்கள் யாருக்குச் சொந்தம், யார் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது, இஸ்ரேல் என்றால் ராணுவத்துக்கு எப்போது போவது. இந்த மூன்றையும் விட்டுவிட்டு "மதமா, அறிவியலா" என்று பேசினால் பாதிக் கதை கூடப் புரியாது.

மதப்பற்றுள்ள யூதர்கள் எல்லோரும் ஒரே மாதிரி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இஸ்ரேலில் இரண்டு பெரிய பிரிவுகள். ஒன்று, தேசிய மதப்பிரிவினர். பின்னல் குல்லா போடுவார்கள், ராணுவத்துக்குப் போவார்கள், பள்ளியில் கணக்கும் ஆங்கிலமும் படித்து இறுதித் தேர்வு எழுதியிருப்பார்கள். இன்னொன்று, ஹரேதிகள் என்ற கடும் மரபுவாதிகள். கறுப்புத் தொப்பி, கறுப்புக் கோட்டு. இவர்கள் வீட்டுப் பையன்களில் பெரும்பாலோர் பதின்மூன்று, பதினான்கு வயதுக்குமேல் தல்மூத் என்ற யூதச் சட்ட விவாத நூல் தவிர வேறு பாடம் படிப்பதில்லை. முதல் பிரிவினருக்கு இரண்டையும் சேர்ப்பது டைம்டேபிள் பிரச்சினை, அவ்வளவுதான். இரண்டாம் பிரிவினருக்கோ வாழ்க்கையையே திருப்பிப் போடுகிற முடிவு.

நேரத்தை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகிறார்கள்? யூத மதத்தில் ஆண்களுக்குத் தோரா படிப்பது உச்ச வரம்பில்லாத கடமை. தொழுகைக்கு வேளை உண்டு, தர்மத்துக்கு அளவு உண்டு, படிப்புக்கு இரண்டும் கிடையாது. கையில் இருக்கும் நேரத்தை வேறு எதிலோ கழித்தால் அது "பித்துல் தோரா", தோராவை வீணாக்கிய குற்றம். அப்படிப் பார்த்தால் கால்குலஸ் படிப்பது பாவமில்லை. கால்குலஸ் படித்த அந்த மூன்று மணி நேரம்தான் கணக்கில் இடிக்கிறது.

இந்தச் சண்டை நேற்று வந்ததல்ல, தல்மூதுக்குள்ளேயே இருக்கிறது. அதில் பெராகோத் பகுதியின் 35ஆம் ஏட்டில் இரண்டு ரபிகள் (யூத மத அறிஞர்கள்) மோதிக்கொள்கிறார்கள். விதைக்கிற காலத்தில் விதை, அறுக்கிற காலத்தில் அறு, கூடவே தோராவும் படி என்பது ரபி இஸ்மவேலின் கட்சி. உழவுக்கு ஒரு காலம், விதைப்புக்கு ஒரு காலம், போரடிக்க ஒரு காலம் என்று போய்க்கொண்டே இருந்தால் தோராவின் கதி என்ன என்று கேட்கிறார் ரபி ஷிமோன் பர் யோகாய். பிற்காலத்து அபாயே என்ற அறிஞர் அதற்குத் தீர்ப்பு மாதிரி ஒன்று சொல்கிறார்: இஸ்மவேல் சொன்னபடி பலர் செய்தார்கள், பலித்தது, ஷிமோன் சொன்னபடி பலர் செய்தார்கள், பலிக்கவில்லை. கித்துஷீன் பகுதியில் ரபி யெஹுதா இன்னும் காட்டமாகப் பேசுகிறார். மகனுக்கு ஒரு தொழில் கற்றுக்கொடுக்காத தகப்பன் அவனுக்குத் திருட்டைக் கற்றுக்கொடுத்தவன் மாதிரி என்கிறார். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வைத்தியம் பார்த்துப் பிழைத்த மைமோனிடீஸ், வேலை செய்யாமல் தர்மக் காசில் உட்கார்ந்து தோரா படிப்பவன் கடவுளின் பெயரையே கெடுக்கிறான் என்று எழுதிவைத்தார். பின்னால் வந்த சட்ட அறிஞர்கள் பலர் அந்தக் கடுமையை ஏற்கவில்லை.

ஆக, இரு தரப்பும் மூல நூலைக் காட்டியே வாதாடலாம். இன்றைய ஹரேதிகள் ஷிமோன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் இறையியல் மட்டுமில்லை, வரலாறும்தான். இன்றைய பெலருஸில் இருக்கும் வோலோஜின் ஊரில், 19ஆம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற யெஷிவா, அதாவது தல்மூத் கற்பிக்கும் மதப்பள்ளி, நடந்தது. பகலில் பெரும்பகுதி பொதுப்பாடம் நடத்து, இரவுப் படிப்பை நிறுத்து என்று ரஷ்ய அரசு விதி போட்டது. 1892இல் அந்த யெஷிவா மூடப்பட்டது. உட்பூசலும் ஒரு காரணம் என்று வரலாற்றாய்வாளர்கள் சொல்கிறார்கள். ஹரேதிகளின் நினைவில் நின்றதோ "பொதுக்கல்விக்குத் தலைவணங்குவதைவிடக் கதவைச் சாத்தினார்கள்" என்ற வடிவம்தான். அதன்பின் நாஜிகள் கிழக்கு ஐரோப்பிய யெஷிவாக்களை ஆசிரியர், மாணவர், புத்தகம் என்று அடியோடு அழித்தார்கள். எஞ்சியவர்கள் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் அதை மீண்டும் கட்டத் தொடங்கியபோது ஒரு தலைமுறையையே முழுநேரப் படிப்பில் உட்கார வைத்தார்கள். அவசரகால ஏற்பாடாகத் தொடங்கியது காலப்போக்கில் நிரந்தரமாகிவிட்டது. அந்த இழப்பை நினைத்துப் பார்க்காமல் "ஏன் வேலைக்குப் போகவில்லை" என்று மட்டும் கேட்பது நியாயமில்லை. அதே சமயம், எழுபது எண்பது ஆண்டுகள் கழித்தும் அதே காரணத்தைச் சொல்வது ஏற்கத்தக்கதா என்று யூதர்களே கேட்கிறார்கள்.

இரண்டையும் சேர்க்க முடியும் என்று முன்பே சொன்னவர்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஃப்ராங்ஃபர்ட்டில் ரபி சாம்சன் ரஃபேல் ஹிர்ஷ் மதப்பாடமும் ஜெர்மன் பொதுப்பாடமும் சேர்ந்த பள்ளியை நடத்தினார். நியூயார்க்கில் யெஷிவா பல்கலைக்கழகம் 1928இல் கலைக் கல்லூரியையே திறந்தது. ஆனால் தொழில்நுட்பம் என்று குறிப்பாகக் கேட்டால் போக வேண்டிய இடம் ஜெருசலேம்.

அங்கே கிவத் மொர்தகாய் பகுதியில் ஜெருசலேம் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. மாணவர்கள் அதை மக்கோன் லெவ் என்பார்கள். ஹீப்ரூ பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜெயவ் லெவ் 1969இல் தொடங்கியது. வியன்னாவில் பிறந்து நாஜிகளிடமிருந்து தப்பி வந்தவர். அவருடைய யோசனை எளிமையானது: யெஷிவாவையும் பொறியியல் கல்லூரியையும் ஒரே வளாகத்தில் வை, பையன் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே வரக்கூடாது. காலைத் தொழுகை முடிந்ததும் மாணவர்கள் பெய்த் மித்ராஷ் என்ற படிப்புக் கூடத்துக்குப் போகிறார்கள். மதியம் வரை தல்மூத். சாப்பாட்டுக்குப் பிறகு எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ், எலக்ட்ரோ-ஆப்டிக்ஸ் என்று வகுப்பும் லேபும், மாலை தாண்டியும். மற்ற கல்லூரியில் முழுநாளில் நடக்கும் பாடத்தை இங்கே அரைநாளில் அடைக்கிறார்கள். பட்டத்தில் சலுகை எதுவும் கிடையாது.

அந்தக் காலை நேரம் எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊர் லைப்ரரியை மனதில் வைத்தால் தப்பாகப் போய்விடும். பெய்த் மித்ராஷில் அமைதி கிடையாது. இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து, சத்தமாக வாசித்து, மேஜையைத் தட்டிச் சண்டை போட்டுப் படிப்பார்கள். அந்தக் கூட்டாளிக்கு ஹவ்ரூத்தா என்று பெயர். தல்மூத் ஏட்டில் நடுவே மூலம் இருக்கும். அதன் உட்பக்க ஓரத்தில் 11ஆம் நூற்றாண்டு ராஷியின் உரை, வெளிப்பக்க ஓரத்தில் அந்த உரையையே கேள்வி கேட்கும் அடுத்த தலைமுறையினரின் உரை. ஒருவன் ராஷிக்காக வாதாடுவான், மற்றவன் அவரை மடக்குவான். அரைப் பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். வழக்கமாகத் தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை, "போர்ஷன் முடிக்கணும்" என்ற அவசரமும் இல்லை. மதியம் அதே பையன் லெக்சர் ஹாலில் வாய் மூடி உட்கார்ந்து, செமஸ்டருக்குள் சிலபஸ் முடிய வேண்டும் என்று ஓட வேண்டும். பாடங்கள் ஒத்துப்போனாலும் படிக்கும் பழக்கங்கள் ஒத்துப்போவதில்லை.

"தல்மூத் படித்த மூளைக்கு புரோகிராமிங் தானாக வரும்" என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. விதிவிலக்குக்கு விதிவிலக்கு தேடும் பழக்கமும், ஒரு நிபந்தனையை மாற்றினால் முடிவு எப்படி மாறும் என்று பார்க்கும் பழக்கமும் உதவத்தான் செய்கின்றன. இதற்கு மிக அழகான உதாரணம் ராபர்ட் ஆமன். நியூயார்க்கில் யெஷிவாப் பள்ளியில் படித்து, எம்ஐடியில் கணிதத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, ஹீப்ரூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். ஆட்டக் கோட்பாட்டுக்காக 2005இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டவர். சபாத் என்ற வாராந்திர ஓய்வுநாளைத் தவறாமல் அனுசரிக்கும் யூதர்.

கெத்துபோத் பகுதியில் ஒரு கணக்கு உண்டு. மூன்று மனைவிகளை விட்டுவிட்டு ஒருவன் இறந்துபோகிறான். திருமண ஒப்பந்தப்படி அவர்களுக்கு முறையே 100, 200, 300 தர வேண்டும். சொத்து அவ்வளவு இல்லை. சொத்து 100 என்றால் மூவருக்கும் சமம் என்கிறது தல்மூத். 300 என்றால் 50, 100, 150. இடையில் 200 என்றால் 50, 75, 75. முதலாவது சமப் பங்கு, மற்றது விகிதப் பங்கு, நடுவில் இருப்பது எந்தக் கணக்கு? நூற்றாண்டுக்கணக்கில் உரையாசிரியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஆமனும் மைக்கேல் மாஷ்லரும் 1985இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை தந்தார்கள். சாவி இன்னொரு பகுதியில், பாபா மெத்சியாவின் முதல் பக்கத்தில் இருந்தது. இருவர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் முழுதும் எனது என்கிறான், மற்றவன் பாதி எனது என்கிறான். தகராறு இல்லாத பாதி முதல்வனுக்கு, தகராறுள்ள பாதி இருவருக்கும் சமம். முக்கால், கால்.

இதை 200 கணக்கில் பொருத்திப் பாருங்கள். முதல் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது 125. அதில் முதலாமவள் கேட்பது 100தான். மீதி 25இல் தகராறே இல்லை, அது இரண்டாமவளுக்கு. எஞ்சிய 100ஐ இருவரும் கேட்கிறார்கள், ஆளுக்கு 50. ஆக 50, 75. எந்த இரண்டு பேரை எடுத்தாலும், எந்தத் தொகையை எடுத்தாலும் இதே விதி சரியாக வருகிறது. காலைப் படிப்பும் மாலைப் படிப்பும் ஒரே தலைக்குள் இருந்தால்தான் இப்படி ஒரு கட்டுரை வரும்.

பொறியியலுக்கு நெருக்கமான இன்னொரு களம் சபாத் தொழில்நுட்பம். வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை சுவிட்ச் போடக்கூடாது. பத்தாவது மாடியில் குடியிருப்பவர் என்ன செய்வார்? ஒவ்வொரு மாடியிலும் தானாக நின்று போகும் லிஃப்ட். இதோடு விஷயம் முடிந்தது என்று நாம் நினைப்போம். ஜெருசலேமில் அறிவியல், ஹலாகா (யூத மதச் சட்டம்) ஆய்வு நிறுவனத்தை நடத்திய ரபி லெவி யிட்ஸ்ஹாக் ஹால்பெரின் அங்கே நிற்கவில்லை. கீழே இறங்கும்போது பயணியின் எடை மோட்டாருக்கு உதவுகிறது, மின்சாரம்கூட உற்பத்தியாகலாம், அப்படியானால் அந்த வேலையைச் செய்தவர் பயணிதானே என்று கேட்டார். அதற்கேற்பக் கட்டுப்பாட்டுச் சுற்றுகள் மாற்றி அமைக்கப்பட்டன. இஸ்ரேல் 2001இல் இந்த லிஃப்டுகளுக்கென்றே ஒரு சட்டம் போட்டது. ஆனாலும் 2009இல் முக்கியமான ஹரேதி ரபிகள் சிலர் இவை கூடவே கூடாது என்று அறிவித்தார்கள். சட்டமும் சர்க்யூட்டும் தெரிந்தவர்கள் இல்லாமல் இந்த விவாதம் நடக்கவே முடியாது.

தேசிய மதப்பிரிவினருக்கு வழி ஓரளவு சீராக இருக்கிறது. ஹெஸ்தெர் யெஷிவா என்ற ஏற்பாட்டில் சுமார் ஐந்து ஆண்டுகளுக்குள் தோராப் படிப்பும் சுருக்கமான ராணுவ சேவையும் முடிந்துவிடும், அப்புறம் பல்கலைக்கழகம். அல்லது ராணுவத்தின் ஒப்புதலோடு முதலில் பொறியியல் பட்டம், பிறகு ராணுவத்திலேயே பொறியாளர் வேலை. மக்கோன் லெவ் மாணவர்களில் பலர் இந்த இரண்டாவது வழியில் போகிறவர்கள்.

ஹரேதிப் பையனின் நிலைமை வேறு. அவன் கடைசியாகக் கணக்குப் படித்தது எட்டாம் வகுப்பு வாக்கில், அதுவும் அடிப்படைக் கணக்கு. ஆங்கிலம் ஏபிசிடியிலிருந்து தொடங்க வேண்டும். இருபத்துமூன்று வயதில், மனைவியும் ஒன்றிரண்டு குழந்தைகளும் இருக்கும்போது, மெஹினா என்ற ஆயத்த வகுப்பில் ஓராண்டு அல்லது அதற்குச் சற்று மேலாக உட்கார்ந்து, மற்றவர்கள் பல ஆண்டுகளில் படித்ததை விழுங்க வேண்டும். தல்மூத் கொடுத்த கூர்மை இங்கேதான் கைவிட்டுவிடுகிறது. கணக்கு படிப்படியாகக் கை பழகி ஏறுவது. இயற்கணிதம் பழகாதவனுக்கு வகைக்கெழுவை எவ்வளவு தர்க்கமாக விளக்கினாலும் தேர்வில் கை ஓடாது. அரசு 2011 வாக்கிலிருந்து ஹரேதிகளுக்கென்று தனிப் பாடப்பிரிவுகளுக்குப் பணம் ஒதுக்கியது, சேர்க்கையும் கூடியது. ஆனால் பாதியில் விட்டுப் போகிற ஆண்கள் மற்றவர்களைவிட மிக அதிகம். முடித்தவர்களிலும் பலர் எடுத்தது சட்டம், கணக்கியல், கல்வியியல். பொறியியல் எடுத்தவர்கள் குறைவு. சேர்க்கை எண்ணைக் காட்டி வெற்றி என்று சொல்லும் செய்திகளை நான் நம்புவதில்லை, பட்டம் வாங்கிய எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

கல்யாணச் சந்தையும் ஒரு தடை. ஹரேதி சமூகத்தில் முழுநேரம் தோரா படிக்கிற மாப்பிள்ளைக்குத்தான் மதிப்பு. கல்லூரிக்குப் போகிறான் என்றால் தரகர் கொண்டுவரும் ஜாதகமே மாறிவிடும் என்று நம் பாஷையில் சொல்லலாம். அதனால் பலர் கல்யாணம் முடிந்த பிறகே கல்லூரிப் பேச்சை எடுப்பார்கள்.

அடுத்தது ராணுவம். 1948இல் இஸ்ரேலின் முதல் பிரதமர் பென்-குரியன் சுமார் 400 யெஷிவா மாணவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையைத் தள்ளிவைக்க ஒப்புக்கொண்டார். 1977இல் மெனாஹெம் பெகின் அரசு எண்ணிக்கை வரம்பை எடுத்தது. விலக்கு வேண்டுமென்றால் தோராவே உன் தொழில், சம்பள வேலை கூடாது என்பது நிபந்தனையாக இருந்தது. விளைவு என்னவென்றால், படிப்பில் அவ்வளவாக ஒட்டாத பையன்கூட விலக்கு வயது வரும்வரை யெஷிவாவை விட்டு வெளியேறி ஒரு டிப்ளமா படிக்க முடியாமல் இருந்தது, படித்தால் ராணுவத்தில் சேர ஆணை வந்துவிடும். கற்கும் வயதில் பூட்டிவைத்துவிட்டு, குடும்பச் சுமை ஏறிய பிறகு திறந்துவிட்டால் யார் ஆய்லர் சமன்பாடு படிப்பார்கள்? இதைச் சீராக்க 2002இல் வந்த தால் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2012இல் ரத்து செய்தது. 2024 ஜூனில் அதே நீதிமன்றம், சட்ட அடிப்படை இல்லாமல் ஹரேதிகளுக்கு விலக்குத் தர முடியாது, ஆள் எடுத்தே ஆக வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதிலிருந்து இஸ்ரேல் அரசியலில் இதுதான் பெரிய சண்டை.

பெண்களின் கதை தலைகீழ். தோரா படிக்கும் கடமை ஆண்களுக்கு மட்டும் என்பதால் பெண்களின் நேரத்தில் "வீணாக்கல்" பிரச்சினை இல்லை. ஆகவே ஹரேதிப் பெண்கள் பள்ளியில் கணக்கும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். கணவன் கோலல் என்ற, மணமான ஆண்களுக்கான தோராப் படிப்புக் கூடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டுமென்றால் வீட்டில் யாராவது சம்பாதிக்க வேண்டுமே! முன்பு எல்லோரும் ஆசிரியைகள் ஆனார்கள், அந்த வேலைகள் நிரம்பிவிட்டன. பிறகு கணினி வந்தது. 2000களின் நடுவில் மோதியின் இல்லித் என்ற ஹரேதி நகரத்திலேயே சாஃப்ட்வேர் மையங்கள் திறந்து இந்தப் பெண்களை வேலைக்கு எடுத்தன. ஜெருசலேம் தொழில்நுட்பக் கல்லூரியும் பெண்களுக்குத் தனி வளாகங்கள் நடத்துகிறது. இன்று ஹரேதிப் பெண்களில் நூற்றுக்கு எண்பது பேரை ஒட்டி வேலையில் இருக்கிறார்கள், ஆண்களில் பாதியைச் சற்றே தாண்டும். பொதுப்படிப்பு மதத்தைக் கெடுக்கும் என்று ஆண்களைத் தடுக்கும் அதே சமூகம், பெண்களின் பொதுப்படிப்பை நம்பித்தான் ஆண்களின் மதப்படிப்பை நடத்துகிறது. இந்த முரணை ஹரேதிகளிடம் கேட்டால் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

தனி வளாகம் என்றதும் அடுத்த சிக்கல் வருகிறது. ஆண், பெண் தனித்தனி வகுப்பு இல்லையென்றால் ஹரேதிகள் வரமாட்டார்கள். தனித்தனி வகுப்பு என்றால் அது பாகுபாடு என்று பெண் பேராசிரியர்கள் வழக்குப் போட்டார்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் நடுவே கோடு போட்டது. வகுப்பறையில் பிரித்து நடத்தலாம், நூலகம், கேன்டீன் போன்ற பொது இடங்களில் பிரிக்கக் கூடாது, ஆண்கள் வகுப்புக்குப் பாடம் எடுக்கக் கூடாது என்று பெண் ஆசிரியரைத் தடுக்கவும் கூடாது. இரு தரப்புக்கும் திருப்தி இல்லை.

அமெரிக்காவில் ராணுவப் பிரச்சினை இல்லாததால் விஷயம் லேசு. பால்டிமோரில் 1933இல் தொடங்கிய நேர் இஸ்ரேல் யெஷிவாவில் பகலில் தல்மூத் படித்து இரவில் பக்கத்துக் கல்லூரிகளில் பொதுப்பாடம் படிப்பதை நெடுநாளாக அனுமதிக்கிறார்கள். நியூயார்க்கின் டூரோ கல்லூரி (இப்போது பல்கலைக்கழகம்) இப்படிப்பட்ட மாணவர்களை மனதில் வைத்தே வளர்ந்தது. நியூ ஜெர்சியின் லேக்வுட் யெஷிவா மட்டும் முழுநேரத் தோரா என்ற கொள்கையில் கறாராக நிற்கிறது. அங்கிருந்தும் ஆட்கள் பின்னால் கணக்கியலுக்கும் கணினிக்கும் போகத்தான் செய்கிறார்கள்.

பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த பிறகு தோரா என்ன ஆகிறது என்று கேட்பீர்கள். அதற்கும் ஏற்பாடு உண்டு. நாளில் ஒரு நேரத்தைக் குறித்துவைத்து அதில் வேறு எதையும் நுழையவிடாமல் படிப்பது. அதிகம் பேர் எடுப்பது தஃப் யோமி, நாளுக்கு ஒரு தல்மூத் ஏடு. ரபி மேயர் ஷப்பீரோ 1923இல் வியன்னா மாநாட்டில் முன்வைத்த திட்டம் இது. 2,711 ஏடுகள், சுமார் ஏழரை ஆண்டு, உலகம் முழுவதும் ஒரே நாளில் ஒரே ஏடு. விடியற்காலை ஆபீஸுக்கு முன் ஜெபக்கூடத்தில் படிப்பவர்கள் உண்டு, ரயிலில் போனில் கேட்பவர்களும் உண்டு. 2020 ஜனவரியில் தொடங்கிய 14ஆம் சுற்று 2027இல் முடிகிறது.